பக்கவிளைவு என்றொரு சொல்

உட்கொண்ட மருந்து உடலுக்குள் பல இடங்களுக்குச் செல்கிறது. பல காரியங்களைச் செய்கிறது. அவற்றுள் நாம் வேண்டியதை ‘விளைவு’ என்கிறோம். வேண்டாததைப் ‘பக்கவிளைவு’ என்கிறோம். இந்தப் பாகுபாடு உடலுக்குத் தெரியாது. அது மொழியில் நாம் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரே மாத்திரை இரவில் ஒருவருக்குத் தூக்கம் தந்தால் அது பயன்; மறுநாள் பகலில் வண்டியோட்டும்போது அதே தூக்கம் வந்தால் அது பக்கவிளைவு.

மனச்சோர்வுக்கான மருந்துகளின் வரலாற்றில் இந்த உண்மை தெளிவாகத் தெரிகிறது. ஏனெனில் அந்த மருந்துகள் பிறந்ததே பக்கவிளைவாகத்தான். அவற்றின் எழுபதாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது மற்றொன்றும் புலப்படுகிறது. ஒவ்வொரு ஆபத்தையும் முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் நோயாளிகள், அல்லது அவர்களோடு வாழ்ந்தவர்கள். அதை மருத்துவ உலகம் முதலில் நம்ப மறுத்தது; பிறகு அதற்கு ஒரு மென்மையான பெயரைச் சூட்டியது; கடைசியில் ஏற்றுக்கொண்டது. ஆகவே இது மருந்துகளின் வரலாறு மட்டுமன்று, சொற்களின் வரலாறும் ஆகும். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் அக்கறை இருப்பது இயல்பே.

*

1952ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்த ஸீ வியூ காசநோய் மருத்துவமனையில் ஐசோனியாசிட், ஐப்ரோனியாசிட் என்ற இரண்டு புதிய மருந்துகள் சோதிக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் ராக்கெட் விமானத்தின் எரிபொருளில் பயன்படுத்திய ஹைட்ரசீன் என்ற வேதிப்பொருளின் வழிவந்தவை அவை. நுரையீரல் அரிக்கப்பட்டுப் படுக்கையில் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, உற்சாகம் பிறந்தது. மருத்துவமனைக் கூடத்தில் நோயாளிகள் கைதட்டி நடனமாடும் புகைப்படங்கள் அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியாயின.

காசநோய் மருத்துவர்களைப் பொறுத்தவரை அந்த மிகை உற்சாகம் ஒரு பக்கவிளைவு. தேறாத உடம்போடு எழுந்து நடமாடுவது நோயாளிக்கு நல்லதன்று என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். அதே ஆண்டில், ஐப்ரோனியாசிட் மூளையில் மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது என்பதும் கண்டறியப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் அரசு மருத்துவமனையில் பணியாற்றிய நேதன் க்ளைன் என்ற மனநல மருத்துவர் அந்தப் பக்கவிளைவையே பயனாக மாற்றினார். மனச்சோர்வுற்றவர்களுக்கு ஐப்ரோனியாசிட் கொடுத்துப் பார்த்து, 1957இல் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மன ஊக்கி’ என்ற பொருள் தருவது. காசநோய் மருந்தாக அது ஏற்கெனவே கடைகளில் இருந்ததால் பரவுவதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. ஓராண்டுக்குள் சுமார் 4 லட்சம் பேர் அதை உட்கொண்டார்கள் என்பர்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. கல்லீரல் பாதிக்கப்பட்டுச் சிலர் இறந்தார்கள். 1961இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து ஐப்ரோனியாசிட் விலக்கப்பட்டது. முதல் மனச்சோர்வு மருந்தின் ஆயுள் நான்காண்டு.

*

இந்தக் கதைக்கு நம் மண்ணிலும் ஒரு வேர் உண்டு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் இந்திய மருத்துவ மரபில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931இல் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இரத்த அழுத்தத்தையும் மனநோயையும் அது தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை அதை உலகின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சாரத்தைப் பிரித்தெடுத்தனர்.

இரத்த அழுத்தத்துக்காக ரெசர்பின் உட்கொண்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாவதாக 1954 முதல் செய்திகள் வரத்தொடங்கின. அடுத்த ஆண்டு, ரெசர்பின் செரோடோனின் கையிருப்பைக் கரைத்துவிடுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு மருந்து இவ்வகை வேதிப்பொருள்களைக் குறைக்கிறது, மனம் சோர்கிறது. இன்னொரு மருந்து அவற்றைச் சிதையாமல் காக்கிறது, மனம் எழுகிறது. அப்படியானால் மனச்சோர்வு என்பதே அந்த வேதிப்பொருள்களின் குறைபாடுதானே? 1960களில் உருவான இந்தக் கருதுகோளே பின்னாளில் ‘மூளையின் வேதிச் சமநிலைக் குலைவு’ என்ற விளம்பர வாசகமாக உலகெங்கும் பரவியது.

இரண்டு பக்கவிளைவுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டிய கருதுகோள் அது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். ரெசர்பின் உண்மையில் மனச்சோர்வை உண்டாக்கியதா என்பதையே பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றனர். செரோடோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளியான ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினரின் தொகுப்பாய்வு கூறியது. மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருளன்று. அது வேலை செய்யும் விதம் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதை அவ்வளவு எளிதானதன்று என்பதே பொருள்.

*

அதே 1950களில், ஸ்விட்சர்லாந்தின் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் கைகி நிறுவனத்தின் ஜி 22355 என்ற பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தார். மனச்சிதைவு நோய்க்கு அது உதவும் என்பது எதிர்பார்ப்பு. உதவவில்லை, மாறாகச் சில நோயாளிகள் கட்டுக்கடங்காத கிளர்ச்சி அடைந்தார்கள். இங்கும் ஒரு பக்கவிளைவே வழிகாட்டியது. 1956இல் அதை மனச்சோர்வுற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த கூன், மறு ஆண்டு ஜூரிச்சில் நடந்த உலக மனநல மாநாட்டில் தம் கண்டுபிடிப்பை வாசித்தார். கேட்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர் அளவில் இருந்தனர் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பொருளே இமிப்ரமின். மூவளைய மருந்துகள் எனப்படும் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

கூனின் புகழுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. துர்காவ் மாநில அரசின் வேண்டுகோளின்படி வரலாற்றாய்வாளர்கள் அந்த மருத்துவமனையின் ஆவணங்களை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டார்கள். பல பத்தாண்டுகளாக எண்ணற்ற நோயாளிகள்மீது, பெரும்பாலும் அவர்களது சம்மதம் பெறாமலே, பெயரிடப்படாத மருந்துகள் சோதிக்கப்பட்டது அதில் வெளிப்பட்டது. கவனித்துக் கேட்கும் மருத்துவராகக் கொண்டாடப்பட்டவரும், கேளாமலே கொடுத்த மருத்துவரும் ஒருவரே.

மூவளைய மருந்துகள் பலரைப் படுக்கையிலிருந்து எழுப்பின, இதில் ஐயமில்லை. ஆனால் அவை மூளையோடு நிற்பதில்லை. வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, சிறுநீர் தடைப்படுகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, இதயத்தின் மின்னோட்டம் தாமதப்படுகிறது. இவையனைத்தையும்விடக் கொடிய முரண் ஒன்று இருந்தது. ஓரிரு வாரங்களுக்கான மாத்திரைகளை மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சாக நினைப்பவரைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தே அவர் கைக்கெட்டும் நஞ்சாகவும் இருந்தது. எத்தனை நாளைக்கான மாத்திரையை ஒரே தடவையில் எழுதித் தருவது என்பது அக்கால மருத்துவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தர்மசங்கடம்.

1961இல் அமிட்ரிப்டிலின் விற்பனைக்கு வந்தபோது மெர்க் நிறுவனம் மற்றொரு காரியம் செய்தது. மனச்சோர்வுற்றவரை இனங்காண்பது எப்படி என்று ஃபிராங்க் அய்ட் என்ற மருத்துவர் எழுதிய நூலில் 50,000 பிரதிகளை வாங்கி மருத்துவர்களிடையே விநியோகித்தது. மருந்தோடு நோயையும் சேர்த்தே பரப்பும் கலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

*

இனி, ஒரு பாலாடைக்கட்டியின் கதை. 1960களின் தொடக்கத்தில், ஐப்ரோனியாசிட்டின் தங்கைகளான வேறு நொதித்தடுப்பு மருந்துகளை உட்கொண்ட சிலருக்குத் திடீரென்று தலை பிளக்கும் வலியும், இரத்த அழுத்த உயர்வும், மூளையில் இரத்தக்கசிவும் ஏற்பட்டன. காரணம் விளங்கவில்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த பாரி ப்ளாக்வெல் இதுபற்றி எழுதியதைப் படித்து, நாட்டிங்காமைச் சேர்ந்த மருந்தாளுநர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்த மருந்தை உட்கொள்ளும் தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி தின்ற போதெல்லாம் இவ்வாறு நேர்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா என்பது கேள்வி.

முதலில் அது நகைப்புக்கே இடமானது. தினமும் கோடிக்கணக்கானோர் உண்ணும் பண்டம் மனிதனைக் கொல்லுமா? எனினும் ப்ளாக்வெல் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. நோயாளிகள் என்ன உண்டார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். மனைவியின் தலைவலியைக் கவனித்த அந்தக் கணவர் சொன்னதே சரியாயிற்று. நாட்பட்ட பாலாடைக்கட்டியிலும் புளிக்கவைத்த சில உணவுகளிலும் டைரமின் என்றொரு பொருள் உண்டு. சாதாரணமாகக் குடலும் கல்லீரலும் அதை அழித்துவிடும். அழிக்கும் நொதியையே மருந்து முடக்கிவிட்டால், டைரமின் இரத்தத்தில் கலந்து அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. 1963இல் ப்ளாக்வெல் இதை லான்செட் இதழில் எழுதினார். 1964இல் டிரானில்சிப்ரமின் என்ற மருந்து அமெரிக்காவில் திரும்பப்பெறப்பட்டு, கடும் எச்சரிக்கைகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

உணவோடு மட்டுமன்று, மற்ற மருந்துகளோடும் அந்தக் குடும்பம் ஒத்துப்போவதில்லை. 1984இல் நியூயார்க்கில் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக் கல்லூரி மாணவி சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவள் உட்கொண்டுவந்த ஃபெனல்சின் என்ற மனச்சோர்வு மருந்தும் அங்கே தரப்பட்ட பெத்திடின் ஊசியும் சேர்ந்து செரோடோனின் மிகைநிலையை உண்டாக்கியிருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது. அன்றிரவு பணியிலிருந்தவர்கள் நெடுநேரம் ஓய்வின்றி உழைத்த பயிற்சி மருத்துவர்கள். அந்த மரணத்தின் விளைவாகவே 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வாராந்தர வேலை நேரத்தை 80 மணியாக வரையறுத்தது.

*

நஞ்சாகாத மருந்து ஒன்று வேண்டும் என்ற தேடலில் செரோடோனினை மட்டும் குறிவைக்கும் மருந்துகள் உருவாயின. அவற்றுள் முதலாவதாகச் சந்தைக்கு வந்தவற்றில் ஒன்று ஸிமெலிடின். ஸ்வீடனின் அர்விட் கார்ல்சனும் அவரது தோழர்களும் உருவாக்கியது. 1982இல் விற்பனைக்கு வந்தது. நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கில்லன் பாரே நோய் சிலருக்கு ஏற்பட்டதால் 1983இலேயே திரும்பப்பெறப்பட்டது. அதன்பின் வந்ததே எலி லில்லி நிறுவனத்தின் ஃப்ளூவாக்ஸெட்டின். 1987 டிசம்பர் இறுதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ‘ப்ரோஸாக்’ என்ற விற்பனைப் பெயர் விரைவில் ஒரு பண்பாட்டுச் சொல்லாகவே ஆயிற்று; நூல்களின் தலைப்புகளிலும் ஏறியது.

மொத்தமாக விழுங்கினாலும் பெரும்பாலும் உயிரைப் பறிக்காத மருந்து அது. மூவளைய மருந்துகளோடு ஒப்பிடும்போது இது சிறிய முன்னேற்றமன்று. ஆனால் 1990 பிப்ரவரியில், ஹார்வர்டைச் சேர்ந்த மார்ட்டின் டைஷரும் இரு சகாக்களும் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஃப்ளூவாக்ஸெட்டின் உட்கொள்ளத் தொடங்கிய சில வாரங்களில் அந்த அறுவருக்கும் முன்னெப்போதும் இல்லாத வன்மையோடு தற்கொலை எண்ணம் எழுந்தது.

நோயே தற்கொலை எண்ணத்தைத் தருவது. இதில் மருந்தின் பங்கைப் பிரித்தறிவது எப்படி? இக்கேள்வி நியாயமானது. அதுவே வசதியானதும்கூட. 1991இல் கூடிய அமெரிக்க ஆலோசனைக் குழு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடிவுகட்டியது. அகதிசியா என்றொரு நிலையை அந்த விவாதத்தில் சிலர் சுட்டிக்காட்டினார்கள். செக் நாட்டு மருத்துவர் ஹாஷ்கோவெட்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்க வேர்களிலிருந்து உருவாக்கிய சொல் அது. உட்கார முடியாமை என்று பொருள். தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. ‘இருப்புக் கொள்ளவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதுவே உடம்பெங்கும் பரவி, நிற்கவும் படுக்கவும் விடாமல், நாள் கணக்கில் நீடித்தால் எப்படி இருக்கும்? மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு நேர்வது அதுவே. மருத்துவக் குறிப்பேட்டில் அது ‘படபடப்பு’ என்று பதிவாகும். நோய் முற்றியதன் அடையாளமாகக் கருதப்பட்டு மருந்தின் அளவு கூட்டப்படுவதும் நடந்திருக்கிறது.

*

பெரியவர்கள் விஷயத்தில் தீராத இந்தக் கேள்வி, பிள்ளைகள் விஷயத்தில் வேறு வடிவில் திரும்பி வந்தது. 329 என்ற எண்ணால் அறியப்படும் ஆய்வு 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. மனச்சோர்வுற்ற 275 வளரிளம் பருவத்தினர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்குப் பராக்ஸெட்டினும், மற்றொன்றுக்கு இமிப்ரமினும், மூன்றாவதற்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. முன்கூட்டியே வகுத்துக்கொண்ட இரண்டு முதன்மை அளவுகோல்களிலும் பராக்ஸெட்டின் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. ஆனால் 2001இல் வெளியான கட்டுரை, மருந்து பயனுள்ளது, பெரும்பாலும் பாதுகாப்பானது என்றே முடிந்தது.

அந்தக் கட்டுரையில் நம் கவனத்துக்குரிய சொல்லொன்று உண்டு. தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதும் அதில் ‘உணர்ச்சித் தளம்பல்’ என்ற வகைக்குள் அடக்கப்பட்டிருந்தன. ஒரு பிள்ளை சாக முயன்றது என்ற வாக்கியத்தைப் படிப்பவர் நின்றுவிடுவார். உணர்ச்சித் தளம்பல் என்பதைப் படிப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

2002 அக்டோபரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி பராக்ஸெட்டின் பற்றி ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் 1,374ஐ சார்ல்ஸ் மெடவார், ஆண்ட்ரூ ஹெர்க்ஸைமர் ஆகியோர் தொகுத்து ஆராய்ந்தனர். மருந்தை நிறுத்தும்போது தலைக்குள் மின்சாரம் பாய்வது போலிருக்கிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள், எனினும் உவமை ஒன்றே. மருத்துவர்கள் அனுப்பிய அதிகாரபூர்வ அறிக்கைகளிலோ அந்த அனுபவம் உணர்ச்சி மரத்தல் போன்ற பொதுப் பெயர்களுக்குள் மறைந்திருந்தது. நோயாளியின் உவமை துல்லியமாகவும் மருத்துவரின் கலைச்சொல் மங்கலாகவும் இருந்த அரிய இடங்களில் இது ஒன்று. பின்னர் நோயாளிகளே நேரடியாக அறிக்கை அனுப்பும் வழியைப் பிரிட்டன் திறந்துவிட்டது.

2003 ஜூனில் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 18 வயதுக்குட்பட்டோரின் மனச்சோர்வுக்குப் பராக்ஸெட்டின் தரக்கூடாது என்றது. டிசம்பரில் ஃப்ளூவாக்ஸெட்டின் தவிர்த்த அதன் உறவு மருந்துகளுக்கும் எச்சரிக்கையை விரித்தது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ மோஷோல்டர் என்ற அரசு ஆய்வாளர் ஆபத்து உண்டு என்ற முடிவுக்கு வந்திருந்தார். 2004 பிப்ரவரிக் கூட்டத்தில் அதை முன்வைக்க அவர் அனுமதிக்கப்படவில்லை. செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது. 24 ஆய்வுகளில் பங்கேற்ற 4,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகள் மறுபடி ஆராயப்பட்டன. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து பெற்றோரில் 4 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றோரில் 2 விழுக்காடு. எவரும் இறக்கவில்லை. 2004 அக்டோபரில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை இந்த மருந்துகளின் உறையில் ஏறியது. 2007இல் அது 24 வயது வரையிலானோருக்கு நீட்டிக்கப்பட்டது. 25 முதல் 64 வயதுள்ளவர்களிடம் ஆபத்துக் கூடவில்லை என்பதும், 65க்கு மேற்பட்டவர்களிடம் குறைந்தது என்பதும் 2009இல் வெளியான தொகுப்பாய்வில் தெரிந்தன.

2004இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தொடுத்த வழக்கை கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் 25 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2012இல் வேறு சில மருந்துகளையும் சேர்த்து 300 கோடி டாலர் செலுத்தியது. பராக்ஸெட்டினைச் சிறுவயதினருக்கு முறைகேடாகப் பரிந்துரைக்கச் செய்ததும் அதில் ஒரு குற்றச்சாட்டு. 2015இல் சுயேச்சையான ஆய்வாளர்கள் 329ஆம் ஆய்வின் மூலத்தரவுகளைப் படித்து பிஎம்ஜே இதழில் திருத்தி எழுதினார்கள். பயனுள்ளது, பாதுகாப்பானது என்ற இரண்டு முடிவுகளும் தலைகீழாயின.

அது தனியொரு தவறு அன்று. எரிக் டர்னரும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க நிர்வாகத்திடம் பதிவான 74 ஆய்வுகளில் சாதகமானவை 38. அவற்றில் 37 இதழ்களில் வெளிவந்தன. சாதகமற்ற அல்லது ஐயத்துக்குரிய 36இல் 22 வெளியாகவேயில்லை. 11 சாதகமானவை போன்ற தோற்றத்தோடு வெளியாயின. உள்ளபடி வெளியானவை 3. நம் மருத்துவர்கள் பல்லாண்டுகள் படித்தது கிழிக்கப்பட்ட பக்கங்களோடு கூடிய புத்தகத்தை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நாமும் பக்கங்களைக் கிழிப்பதாகும். 2018இல் ஆந்த்ரேயா சிப்ரியானியும் சகாக்களும், வெளியாகாதவற்றையும் தேடிச் சேர்த்து, 522 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 1,16,477 பேர் பங்கேற்றவை. ஆராயப்பட்ட 21 மருந்துகளும் பெரியவர்களிடம் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. மேன்மையின் அளவு சராசரியில் மிதமானது. ஆகவே இவை வெறும் ஏமாற்று என்பது பொய். தீங்கற்றவை என்பதும் பொய். பாலுணர்வுக் குறைபாடு, முதியோரிடம் இரத்தத்தில் சோடியம் குறைதல், சில வலிநிவாரணிகளோடு சேரும்போது இரத்தக்கசிவு என அறியப்பட்ட தீமைகளின் பட்டியல் நீண்டது. பாலுணர்வுக் குறைபாடு சிலரிடம் மருந்தை நிறுத்திய பின்னும் நீடிக்கலாம் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2019இல்தான் குறிப்பேட்டில் சேர்க்கச் சொன்னது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோயாளிகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

*

உட்கொள்வதில் உள்ள ஆபத்தைப் போலவே நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. இமிப்ரமினைத் திடீரென்று நிறுத்தினால் குமட்டலும் நடுக்கமும் தூக்கமின்மையும் வரும் என்பது 1959இலேயே எழுதப்பட்டது. பிறகு அது மறக்கப்பட்டது. 1996 டிசம்பரில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் லில்லி நிறுவனத்தின் ஆதரவோடு வல்லுநர்கள் கூடி இந்நிலைக்கு ‘நிறுத்தல் நோய்க்குறித்தொகுதி’ என்ற பெயரைப் பரப்பினார்கள். போதைப்பொருளை நினைவூட்டும் ‘விலகல்’ என்ற சொல் கவனமாகத் தவிர்க்கப்பட்டது. ப்ரோஸாக் உடலில் பல நாள் தங்குவது. மெல்லத் தானாகவே குறைவது. போட்டி மருந்தான பராக்ஸெட்டின் விரைவில் வெளியேறுவதால் அதை நிறுத்துவது கடினம். ஆகவே அந்தக் கூட்டத்தில் அறிவியலோடு வணிகமும் ஓர் இருக்கையில் அமர்ந்திருந்தது.

தொல்லைகள் லேசானவை, ஓரிரு வாரத்தில் அடங்குபவை என்பதே அதன்பின் பாடமாயிற்று. பல மாதம் தவித்தவர்களுக்கு, பழைய நோய் திரும்பிவிட்டது, மாத்திரையைத் தொடருங்கள் என்று சொல்லப்பட்டது. 2019 மே மாதத்தில் பிரிட்டனின் அரச மனநல மருத்துவர் கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர், கடைசிச் சில மில்லிகிராம்களைக் குறைக்கும்போதுதான் மூளை அதிகமாக அதிர்கிறது, எனவே அளவு சிறுகச்சிறுக மேலும் மெதுவாகக் குறைக்கவேண்டும் என்று லான்செட் மனநல இதழில் எழுதினார்கள். மனநல மருத்துவரான ஹோரோவிட்ஸ் தாமே இந்த மருந்தை நிறுத்த முயன்று அவதிப்பட்டவர். இம்முறை நோயாளியும் மருத்துவரும் ஒருவராக இருந்ததால் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியவில்லை.

மிகைப்படுத்தலும் வேண்டாம். 2024இல் அதே இதழில் வெளியான ஜெர்மானியத் தொகுப்பாய்வின்படி மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் சுமார் 17 விழுக்காட்டினரும் தொல்லைகளைச் சொன்னார்கள். மருந்தினால் மட்டும் நேர்வது ஆறேழு பேரில் ஒருவருக்கு எனலாம். கடுமையாக நேர்வது நூற்றில் மூவர் அளவில். நெடுங்காலம் உட்கொண்டவர்களின் நிலை அந்த எண்களில் முழுதும் அடங்குமா என்ற விவாதம் உண்டு.

*

இந்த வரலாற்றின் எல்லா இழைகளும் ஓர் எழுத்தாளரின் வாழ்வில் வந்து முடிச்சிட்டன. அமெரிக்க நாவலாசிரியர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் ஏறத்தாழ இருபதாண்டுகள் ஃபெனல்சின் உட்கொண்டவர். அந்தப் பழைய நொதித்தடுப்பு மருந்தின் துணையோடுதான் அவரது பெரும் படைப்புகள் எழுதப்பட்டன. 2007இல் ஓர் உணவகத்தில் உண்டபின் அவருக்குக் கடுமையான வயிற்றுவலி வந்தது. மருந்தும் உணவும் மோதியிருக்கலாம் என்று மருத்துவர் கருதினார். வேறு பக்கவிளைவுகளாலும் சலித்திருந்த அவர் அதை விட்டுவிட முடிவுசெய்தார். மனச்சோர்வு திரும்பியது. புதிய மருந்துகளும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் பலன் தரவில்லை. பழைய மருந்துக்கே திரும்பியபோது அதுவும் கைகொடுக்கவில்லை. 2008 செப்டம்பரில், 46ஆம் வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். முடிக்காமல் விட்ட நாவல் 2011இல் வெளியானது.

அவரைக் கொன்றது மருந்தா, மருந்தை விட்டதா, நோயா? நம்மால் சொல்ல இயலாது. சொல்ல முயல்வதும் சரியன்று. ஆனால் நாட்டிங்காமில் ஒரு கணவர் எழுதிய கடிதத்தையும், கலிபோர்னியாவில் ஒரு எழுத்தாளர் உண்ட உணவையும் அரை நூற்றாண்டு இடைவெளியில் இணைக்கும் கோடு நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு எவரேனும் தம் மாத்திரையை நாளைக் காலை நிறுத்திவிட்டால், இந்த வரலாற்றின் பாடத்தையே அவர் தவறவிட்டவர் ஆவார். மெதுவாக, மருத்துவரோடு பேசி, தேதி குறித்து, உடன் இருப்பவருக்கும் சொல்லிவிட்டுச் செய்யவேண்டிய காரியம் அது. சிகிச்சை பெறாத மனச்சோர்வும் உயிரைக் கொள்ளும். பலர் இந்த மருந்துகளால் மீண்டிருக்கிறார்கள், நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் கேட்பது ஒன்றுதான். மாத்திரை சாப்பிட்டதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் சொன்ன சொல்லிலேயே அதை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வேறு பெயர் தேடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.